கிணற்றில் குளிர்ந்த வெள்ளை ஒயின்

பாகூர் பக்கத்தில் ஒரு குடியானவர் வீட்டுக்கு நான் மருமகளாகப் போனபோது, என் ஓரகத்தி சைகோனிலிருந்து திரும்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மாதம் ஒருமுறை பென்ஷன் வாங்கப் புதுச்சேரிக்குப் போவாள். வெயில் காலமானால் திரும்பி வரும்போது பையில் கத்தரிக்காய்க்கு அடியில் ஒரு புட்டி இருக்கும். அதைக் கயிற்றில் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிடுவாள். மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்ததும் இழுத்தெடுத்து, நெத்திலி வறுவலோடு ஒரு தம்ளர் குடிப்பாள். அதற்கு மேல் தொட மாட்டாள்.

அறுபத்திரண்டு சித்திரையில் ஒருநாள் என்னிடமும் தம்ளரை நீட்டினாள். வைக்கோல் ஊறிய தண்ணீர் நிறம். பிஞ்சு மாங்காயைக் கடித்த மாதிரி பல் கூசியது. இனிப்பு துளியும் இல்லை.

“இன்னாக்கா இது, இப்பிடிப் புளிக்குது?”

“இனிச்சா வெயிலுக்கு ஆவாதுடி. இது மட்டமான வெல ஒயினு. பெரிய மனுசங்க தொடமாட்டாங்க. எனக்கும் அவருக்கும் இதான் புடிக்கும்.”

செத்துப்போன புருஷனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அன்றுதான். இன்னும் இரண்டு வாய் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

அடுத்த வாரம் மாமியார் தண்ணீர் சேந்தப் போய்க் கயிற்றைப் பார்த்துவிட்டார். புட்டியை எருக்குழியில் கவிழ்த்துவிட்டு எங்கள் இருவரையும் கூடத்தில் நிற்க வைத்தார்.

“தாலியறுத்தவ குடிக்கிறா. நீயும் குடிச்சியாடி?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை” என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. “அவளுக்குத் தெரியாது. நான்தான்” என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. அவள் கையால் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. நானும்தான். என்மேல் அவள் முகம் சுளித்ததே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருஷம் புதுச்சேரி சட்டப்படி முழுசாக இந்தியாவோடு சேர்ந்தது. வேண்டியவர்கள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிகளாகவே இருக்கலாம் என்றார்கள். அக்கா யாரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பிரான்சுக்குக் கப்பலேறக் கிளம்பிய அன்று காலை வாசலில் என் கையைப் பிடித்தாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். பின்னால் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

“உடம்பப் பாத்துக்கடி” என்றாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், நானும் குடித்தேன் என்று. “அத இப்போ சொல்லி இன்னா?” என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து பிரெஞ்சில் ஒரு கடுதாசி வந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் படித்துச் சொன்னார். அக்கா அங்கே ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாளாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

மாமியார் தலை முழுகிவிட்டு ஈரப் புடவையோடு கூடத்தில் உட்கார்ந்து, “என் மூத்த மருமவளே” என்று அழுதார். நான் அடுப்படியில் இருந்தே அழுதேன்.