பந்தைக் காட்டுங்கள்

ஜெனவீவ் பியான்டெக் முப்பத்தொரு வருடம் மில்வாக்கி கவுன்ட்டி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவள். சாட்சி இருமினால் அந்த இருமல், வக்கீல் "அது வந்து" என்று இழுத்தால் அந்த "அது வந்து", எதுவும் அவள் விரலிலிருந்து தப்பியதில்லை. ஒரே ஒரு நாள் தீயணைப்பு மணி அடித்த கூச்சலில் நான்கு வார்த்தை விட்டுப்போனது. அவை என்னவாக இருந்திருக்கும் என்று ஓய்வு பெற்ற பிறகும் பாத்திரம் கழுவும்போது யோசிப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்க்க வேண்டிய நிலை வந்தது. கணவர் நார்பர்ட்டுக்கு இடுப்பு எலும்பில் அறுவை நடக்கும் வரை இருவரும் மைதானத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மது ஆலையின் லாரி ஓட்டியவர். ஆட்டத்தை விட அங்கே கிடைக்கும் பிராட்வர்ஸ்ட் தொத்திறைச்சியும் புளித்த முட்டைக்கோசும்தான் அவருக்கு முக்கியம். ஜெனவீவ் மடியில் ஸ்கோர் புத்தகத்தோடு உட்காருவாள். ஆட்டக்காரருக்கு ஒரு வரிசை, இன்னிங்ஸுக்கு ஒரு கட்டம். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி. முப்பத்தெட்டு சீசன் அப்படி எழுதியிருக்கிறாள். அறுவைக்குப் பிறகு அவரால் படி ஏற முடியவில்லை. அவரை விட்டுவிட்டுத் தனியாகப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

முதல் வாரமே தொல்லை தொடங்கியது. பந்து வீசுகிறவருக்கு இப்போது கடிகாரம் வைத்துவிட்டார்கள். பதினைந்து நொடிக்குள் அடுத்த பந்தைப் போட்டாக வேண்டும். மைதானத்தில் எல்லாரும் அதற்குப் பழகிவிட்டார்கள், தொலைக்காட்சிக்காரர்களைத் தவிர. அவர்கள் பழையபடி, அடித்தவன் எச்சில் துப்புவதை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். பயிற்சியாளர் மூக்கைச் சொறிவதைக் காட்டுவார்கள். எட்டாவது வரிசையில் பஞ்சுமிட்டாய் தின்கிறவரைக் காட்டுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பந்து போயிருக்கும். சில நேரம் ஒரு ஆளே அவுட்டாகிப் போயிருப்பான். எப்படி அவுட்டானான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வர்ணனையாளர் ரஸ், மதியம் தான் தின்ற மீன் வறுவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

ஜெனவீவால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவாள். சோபாவின் இந்த ஓரத்தில் உட்காருவாள், அந்த ஓரத்துக்கு மாறுவாள், கடைசியில் திரைக்கு நான்கடி தூரத்தில் நிற்பாள். புத்தகத்தில் வெறும் கட்டங்கள் விழ ஆரம்பித்தன. ஒவ்வொரு வெறும் கட்டமும் செருப்பில் ஏறிய கல் மாதிரி அவளை உறுத்தியது.

"ரேடியோ போட்டுக்கயேன். அவன் ஒரு பந்து விடாம சொல்றான்" என்றார் நார்பர்ட்.

"ரேடியோ வேணாம்."

"ஏன்?"

"முப்பத்தொரு வருஷம் மத்தவங்க பார்த்ததைச் சொல்லக் கேட்டு எழுதினேன், நார்ப். இது ஒண்ணுதான் நானே பார்த்து எழுதறது."

அதன் பிறகு அவர் ரேடியோ பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரல் நடுவில் புத்தகத்தின் பின்பக்கத்தில் இன்னொரு பட்டியல் தொடங்கினாள். நீதிமன்றப் பதிவின் நடையிலேயே இருந்தது அது. "நான்காம் இன்னிங்ஸ், இரண்டாவது ஆட்டக்காரர், மூன்றாம் பந்து. காட்டப்படவில்லை. காட்டப்பட்டது: பஞ்சுமிட்டாய்." "ஆறாம் இன்னிங்ஸ், முதல் பந்து. காட்டப்படவில்லை. காட்டப்பட்டது: பந்தய நிலவரம்." வாரம் ஒரு முறை அதை நகலெடுத்து ஒளிபரப்பு நிலையத்துக்கு அனுப்பினாள். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரே பதில் ஒன்பது முறை வந்தது. பத்தாவது முறை அதில் ஒரு எழுத்துப் பிழை புதிதாகச் சேர்ந்திருந்தது. யாரோ ஒரு மனிதர் தொட்டிருக்கிறார் என்று அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ஜூலையில் தொலைபேசி வந்தது. பேசியவர் கிரெய்க் டால்கி, ஒளிபரப்பின் தயாரிப்பாளர். அவளுடைய கடிதங்கள் அலுவலகத்தில் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். கேலிக்கு ஒட்டினார்களா மரியாதைக்கு ஒட்டினார்களா என்று அவள் கேட்டாள். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்று அவர் ஒப்புக்கொண்டதில் அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது. நெடுநாள் ரசிகர்களைப் பற்றி ஒரு பகுதி செய்கிறார்கள், வர்ணனை அறைக்கு வந்து ரஸ்ஸோடு நான்கு வார்த்தை பேச வேண்டும், ஸ்கோர் புத்தகத்தையும் கொண்டுவர வேண்டும் என்றார்.

"ஆட்டம் நடக்கும்போதா?"

"இல்லைங்க. இன்னிங்ஸுக்கு நடுவுல, இடைவேளையில."

"பந்து போடறதுக்குள்ள முடிச்சிரணும்."

"முடிச்சிருவோம், மிஸஸ் பியான்டெக்."

"சத்தியமா?"

"நீங்க கோர்ட்ல வேலை பார்த்தவங்கன்னு மறந்துட்டேன்" என்று சிரித்தார் அவர். சத்தியம் செய்யவில்லை என்பதை அவள் கவனித்தாள். கவனித்தும் சரி என்றாள். அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் நல்ல வெயில். நார்பர்ட் வீட்டில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார். தூங்கிவிடக் கூடாது என்று மூன்று கப் காபி குடித்திருந்தார். ஜெனவீவை லிஃப்டில் ஏற்றி வர்ணனை அறைக்கு அழைத்துப் போனார்கள். முன்பக்கம் முழுக்கத் திறந்த ஜன்னல். மைதானம் மொத்தமும் கீழே விரிந்து கிடந்தது. இந்த உயரத்திலிருந்து அவள் ஆட்டம் பார்த்ததே இல்லை. ஒன்பது தடுப்பாளர்களும் ஒவ்வொரு பந்துக்கும் அரையடி இப்படி, அரையடி அப்படி நகர்வது தெரிந்தது. ஆறு இன்னிங்ஸ் அவள் ஒரு வெறும் கட்டம் விடாமல் எழுதினாள். கால் ஆடவில்லை. எழுந்திருக்கவும் தோன்றவில்லை.

ஆறாவது முடிந்ததும் தலையில் மைக் வைத்த ஒலிக்கருவியை மாட்டிவிட்டார்கள். ரஸ் அவளை வரவேற்றார். நல்ல மனிதர்தான். எத்தனை சீசன், முதல் ஆட்டம் எது, கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே போனார். மைதானத்தில் ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கிவிட்டது. எதிரணியின் முதல் ஆட்டக்காரர் நான்கு பந்தும் விலகிப்போனதில் சும்மாவே ஓட்டத்தின் முதல் தளமான முதல் பேஸுக்கு நடந்தார்.

"ஆரம்பிச்சாச்சு" என்றாள் ஜெனவீவ்.

"பரவாயில்லை, திரையோட ஓரத்துல ஆட்டம் தெரியுது" என்று சொல்லிவிட்டு ரஸ் அடுத்த கேள்விக்குப் போனார். இரண்டாவது ஆட்டக்காரர் அடித்தார். இப்போது முதல் பேஸில் ஒருவர், இரண்டாவது பேஸில் ஒருவர், யாரும் அவுட்டில்லை. ஆட்டம் எங்கே வேண்டுமானாலும் திரும்பலாம். நிறுத்திக்கொள்ளலாம் என்று ஜெனவீவ் சொன்னாள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. பின்பக்கத்துல எங்களைப் பத்தி ஏதோ எழுதி வெச்சிருக்கீங்களாமே? அதைக் கொஞ்சம் காட்டுங்க."

கேமராக்காரர் குனிந்தார். புத்தகத்தின் பின்பக்கம் திரை முழுவதையும் அடைத்தது. ஓரத்தில் இருந்த சின்னப் படத்தையும் எடுத்துவிட்டார்கள். விஸ்கான்சின் மாநிலம் முழுக்க, ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அப்போது தெரிந்தது ஜெனவீவின் கையெழுத்து மட்டும்தான்: காட்டப்படவில்லை, காட்டப்படவில்லை, காட்டப்படவில்லை.

அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பந்து வீசுகிறவர் கை தூக்குவதைப் பார்த்தாள். எழுந்து நின்றாள். ஒலிக்கருவியின் கம்பி இழுபட்டது. ரஸ் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் பழைய சாட்சியத்தைத் திருப்பி வாசிக்கச் சொன்னால் வாசிக்கிற அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், நடப்பதைச் சொல்லத் தொடங்கினாள்.

"ரெண்டு பேரும் ஓடறாங்க. நேரா அடிச்சாச்சு. ரெண்டாவது பேஸ் கிட்ட ஒக்காண்டோ பிடிச்சாச்சு, தரையில படல. ஒருத்தர் அவுட். அவரே ரெண்டாவது பேஸை மிதிக்கிறார். அதுல இருந்தவர் மூணாவதுக்குப் பாதி தூரம் போயிட்டார். ரெண்டு. முதல் பேஸுக்கு எறியறார். அந்த ஆளும் திரும்பல. மூணு."

பந்து தரையில் படாமல் பிடிபட்டால் ஓடினவர்கள் தங்கள் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும்; இருவருமே திரும்பவில்லை. ஒரே அடியில் மூன்று பேர் அவுட். முப்பத்தெட்டு சீசனில் அவள் கண்ணால் பார்த்த முதல் முறை அது. நாற்பதாயிரம் பேர் எழுந்து கத்தினார்கள். இன்னிங்ஸ் முடிந்தது. விளம்பரம் ஓட ஆரம்பித்தது. ரஸ் வாயைத் திறந்தபடி மைதானத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நான் பார்க்கலையே" என்றார்.

ஜெனவீவ் உட்கார்ந்து மூன்று கட்டங்களையும் நிரப்பினாள். மனதில் இருந்தது சந்தோஷமா, அவமானமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தவள் அவள். மறைத்தவளும் அவளே.

வீட்டுக்கு வந்ததும் நார்பர்ட் கதவருகே நின்றிருந்தார்.

"உன் கையெழுத்து ரொம்ப அழகா வந்துச்சு" என்றார்.

"வாயை மூடு, நார்ப்."

"ஆனா நீ சொன்னது கண்ணுல தெரிஞ்சுது. நான் பொய் சொல்லல."

அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் கூடத்தில் நடந்தாள். விளம்பரத்துக்குப் பிறகு மறு ஒளிபரப்பில் காட்டினார்களா என்று கேட்டாள். காட்டினார்கள், ஒக்காண்டோவின் கையுறையை மட்டும், மெதுவாக, நான்கு முறை என்றார் நார்பர்ட். ஓடினவர்கள் எங்கே இருந்தார்கள் என்று தெரியவே இல்லையாம்.

அந்த வாரம் அவள் போன இடமெல்லாம் இதே பேச்சு. இறைச்சிக் கடைக்காரர் தொத்திறைச்சியைக் காகிதத்தில் சுற்றித் தரும்போது அதன்மேல் "காட்டப்படவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். மாதாகோவிலில் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். சிரிக்கத்தான் வேண்டியிருந்தது, சிரித்தாள். இரவு சரியாகத் தூங்கவில்லை.

பத்து நாள் கழித்து டால்கி ஒரு தடித்த உறை அனுப்பினார். உள்ளே பதினொரு புகார்க் கடிதங்கள். எல்லாம் அவளைப் பற்றியவை. யார் அந்தக் கிழவி, எதற்கு அவள் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினீர்கள், பேஸ்பால் காட்டுகிறீர்களா பள்ளிக்கூடம் நடத்துகிறீர்களா என்று. "உங்களிடம் இருப்பதுதான் நியாயம் என்று தோன்றியது. என் தவறு. மன்னிக்கவும்" என்று டால்கி ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்தார்.

ஜெனவீவ் பதினொன்றையும் இரண்டு முறை படித்தாள். ஒன்றில் கூட அவளால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து பதினொரு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினாள். அந்தக் கிழவி நான்தான், நீங்கள் சொல்வது முழுக்கச் சரி என்று ஆரம்பித்து, நடந்த ஆட்டத்தைப் பந்து வாரியாக விவரித்து, கீழே தன் தொலைபேசி எண்ணையும் போட்டாள். எண் எதற்கு என்று நார்பர்ட் கேட்டார். சாட்சி என்றால் குறுக்கு விசாரணைக்குக் கிடைக்க வேண்டாமா என்றாள்.

ஒரே ஒருவர் கூப்பிட்டார். ஷெபாய்கனிலிருந்து எல்டன் ஸாஸ்ட்ரோ; பால்கட்டி ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பதினொரு கடிதத்தில் மிகக் கடுமையானது அவருடையதுதான். தொலைபேசியிலும் வணக்கம் சொல்லவில்லை.

"முதல் பேஸ்ல இருந்தவன் எவ்வளவு தூரம் வந்திருந்தான்?"

"நாலு எட்டு தாண்டிட்டார். ஒக்காண்டோ பிடிச்சதும் சறுக்கி நின்னு திரும்பப் பார்த்தார். மண்ணுல கால் வழுக்குச்சு."

"வழுக்குச்சா? அதைக் காட்டவே இல்லையே."

"இல்ல, காட்டல."

"அது எனக்கு இத்தனை நாளா மண்டையைக் குடைஞ்சுது. அவ்வளவு வேகமா ஓடறவன் ஏன் திரும்ப முடியாமப் போச்சுன்னு. உங்களை ரொம்பத் திட்டிட்டேன்."

"திட்ட வேண்டியதுதான்."

"பட்டியல் இன்னும் எழுதறீங்களா?"

நிறுத்திவிட்டதாக அவள் சொன்னாள். உண்மைதான், அந்த ஞாயிறுக்குப் பிறகு பின்பக்கத்தைத் திறக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தவிர, இரண்டு வாரமாக நிலையத்தார் ஒழுங்காக நடந்துகொண்டார்கள். பேட்டி எல்லாம் இடைவேளையோடு நின்றது. ஜெனவீவ் சோபாவில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததை நார்பர்ட் ஆச்சரியமாகப் பார்த்தார்.

அது ஆகஸ்ட் முதல் வாரம் வரைதான் நீடித்தது. ஒரு வியாழக்கிழமை மதியம், ஐந்தாம் இன்னிங்ஸில், உள்ளூர்க் கடுகு சாஸ் விளம்பரத்துக்காகப் பெரிய மஞ்சள் புட்டி வேடம் போட்ட ஒருவரை வர்ணனை அறைக்குள் கொண்டுவந்தார்கள். அவரால் கதவில் நுழைய முடியவில்லை. நுழைய முடியாமல் அவர் திணறுவதை இரண்டு நிமிடம் காட்டினார்கள். திரும்பி வந்தபோது ஒருவர் அவுட், மூன்றாவது பேஸில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எப்படி அங்கே போனார் என்று ரஸ் சொல்லவில்லை. அவர் சிரித்து முடிக்கவில்லை.

ஜெனவீவ் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். தொலைபேசி அடித்தது. நார்பர்ட் எடுத்து, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினார்.

"பார்த்தீங்களா?" என்றார் ஸாஸ்ட்ரோ.

"இல்ல. நீங்க?"

"நானும் இல்ல. பட்டியல்ல எழுதுங்க, நான் சொல்றேன். அஞ்சாவது இன்னிங்ஸ்."

"இருங்க, பேனா எடுத்துட்டு வரேன்" என்று ஜெனவீவ் சமையலறைப் பக்கம் நடந்தாள்.