செண்பக மதினியின் பைண்டு

மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் ஒரு கசப்பு வாடை கிளம்பும், நாக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு சோறு தின்றாலும் போகாது. எனக்குப் படிப்பு என்றால் அந்த வாடைதான். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசிநூலால் தைத்து, அந்தப் பசையில் அட்டை ஒட்டி "பைண்டு" பண்ணி வைத்துக்கொள்வது, எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்த அந்தக் காலத்தில் சங்கரன்கோவிலில் எழுத்துக்கூட்டத் தெரிந்த பெண்கள் இருந்த வீடுகளில் எல்லாம் நடந்த காரியம். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த செண்பக மதினி, சீர்ப் பாத்திரங்களோடு அப்படி ஒரு பைண்டையும் கொண்டுவந்தாள்.

என்னை அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். எட்டாம் வகுப்பு முடிந்த கோடையில் வயதுக்கு வந்தேன், அதோடு சரி. வீட்டுப் பின்கட்டில் விசைத்தறிகள் ஓடின, அவற்றுக்குத் "தார்" சுற்ற ஆள் வேண்டும். ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலைதான், அதற்கு ஒரு பெண்பிள்ளை போதாதா? மதினியும் என்னைப் போலத்தான். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தவளை மாப்பிள்ளை அமைந்துவிட்டது என்று நிறுத்திவிட்டார்கள். நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ராட்டை சுற்றும்போது ஒருநாள் அவள்தான் சொன்னாள்: "ஏட்டி, பத்தாம் வகுப்ப வீட்டுல இருந்தே எழுதலாமாம். ரெண்டு பேரும் எழுதிப்போடுவோமா?"

அண்ணன் மறுக்கவில்லை. "தறி நிக்காமப் பாத்துக்கிட்டு என்னமும் பண்ணித் தொலைங்க" என்றார் அப்பா. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று அம்மா மட்டும் முனகிக்கொண்டே இருந்தாள்.

பழைய பாடப்புத்தகங்கள் கிடைத்தன. விரித்தால் ஆளுக்கொரு கொட்டாவிதான் வந்தது. அப்புறம் மதினி அந்தப் பைண்டை எடுத்துவந்து நடுவில் வைத்தாள். மழை பொய்த்த கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து பேச்சியம்மா என்கிற பெண் "கண்டிச்சீமை"க்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிற கதை. பேச்சி எந்த வழியாகப் போனாள் என்று நிலவரைபடத்தில் கோடு போடச் சொல்வாள் மதினி. மண்டபம், தனுஷ்கோடி, கப்பல், தலைமன்னார். நம் ஊரில் பெய்யாத மழை அங்கன மட்டும் ஏன் கொட்டுகிறது என்று கேட்டு, பருவக்காற்றைப் பாடப்புத்தகத்தில் தேடவைப்பாள். பேச்சிக்குக் குளிர்காய்ச்சல் வந்த அத்தியாயத்தில் கொசுவைப் பற்றி அறிவியல் படித்தோம். தோட்டத்துத் துரைக்கு விடுப்புக் கேட்டு அவளுக்காக நாங்கள் இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதினோம், வெள்ளைக்காரன் எப்படி வந்தான் என்பதை அந்தத் துரையைத் திட்டிக்கொண்டே படித்தோம். நடுவில் பத்திரிகை வராமல் போன சில வாரங்களின் அத்தியாயங்கள் பைண்டில் கிடையாது. அவற்றை நாங்களே எழுதவேண்டும், அதுதான் கட்டுரைப் பயிற்சி. என் பேச்சி கப்பலில் வாந்தி எடுத்தாள். மதினியின் பேச்சி கப்பலில் ஏறவே மாட்டேன் என்று சண்டை பிடித்தாள்.

மூன்று வருஷம் அப்படிப் போயிற்று. பரீட்சைக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றிலேயே இடம் கிடைத்தது, இருவருக்கும் ஒரே அறை. முதல் பரீட்சையன்று காலையில் தலை சீவி, வெளுத்த சேலை உடுத்தி, பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தோம். மேலநீலிதநல்லூரிலிருந்து ஆள் வந்தார். பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், விடியற்காலம் தவறிவிட்டாராம்.

துட்டி வீட்டில் மருமகள்மார்தான் குளிப்பாட்டத் தண்ணீர்க்குடம் எடுக்கவேண்டும். ஒருத்தி குறைந்தாலும் ஊரே கேட்கும். அப்பா என்னைப் பார்த்து, "குமருப் பிள்ள வீட்டுல கிடக்கட்டும். பரிச்சையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், எங்கண்ணன் அங்கன கிடக்காரு" என்றார். அப்பா அழுது அன்றுதான் பார்த்தேன்.

மதினி உள்ளே போய்ப் பழைய சேலைக்கு மாறி வந்தாள். கொண்டையில் இருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள். நான், "மதினி, நீங்க மேலுக்குச் சரியில்லன்னு படுத்துக்கிடுங்க, ரெண்டு பேரும் எழுதிருவோம்" என்று கெஞ்சினேன்.

"நான் போகலன்னா ஆளாளுக்குத் தேடுவாங்க, ஒன்னயும் சேத்துத் தேடுவாங்க. நான் போயிட்டா ஒன்ன ஒருத்தரும் தேட மாட்டாங்க. எல்லாரும் பஸ் ஏறினதும் நீ கெளம்பு. மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

போனேன். அழுதுகொண்டே எழுதினேன், பக்கத்து மேசை காலியாகக் கிடந்தது. மதினி பதினாறாம் நாள் விசேஷம் முடிந்துதான் வந்தாள், அதற்குள் எல்லாப் பரீட்சையும் முடிந்திருந்தது. புவியியலில் தேயிலை ஏன் மலைச்சரிவில் விளைகிறது என்ற கேள்விக்கு, தண்ணீர் தேங்கினால் பேச்சியம்மா நட்ட செடி அழுகிவிடும் என்று எழுதிவைத்து, பிறகு வெலவெலத்துப்போய்ப் பெயரை அடித்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஒவ்வொரு கேள்வியாச் சொல்லு" என்றாள். நான் சொல்லச் சொல்ல, தார் சுற்றிக்கொண்டே அத்தனைக்கும் விடை சொன்னாள். நான் விட்டுவிட்டு வந்ததற்கும் சொன்னாள்.

நான் தேறினேன், பரீட்சையே வேண்டாம் என்ற அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மேலே படித்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஓய்வும் பெற்றாயிற்று. மதினி, "அடுத்த தடவ எழுதிக்கிடுதேன்" என்றாள். அடுத்த தடவை வயிற்றில் பிள்ளை. அதற்கடுத்து மடியில் பிள்ளை. அப்புறம் அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். போன ஐப்பசியில் அவள் கண்ணை மூடினாள்.

இப்போது அந்தப் பின்கட்டில் தறி இல்லை, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பைண்டைக் கரையான் தின்று வெகுகாலமாகிறது. தொடர்கதையைக் கிழித்துத் தைக்கிறவர்களையும் காணோம். பெங்களூரில் என் மகள் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு கதைப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதிலிருந்தே கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாம் நடத்துவதாம். புது முறை என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாள். நானும் அப்படிப் படித்தவள்தான் என்றதும் மகள் நம்பவில்லை. பேரன்தான் கேட்டான், "ஒங்களுக்கு யாரு ஆச்சி சொல்லிக்கொடுத்தா?"

"எங்க மதினி."

"அவங்க என்ன படிச்சிருக்காங்க?"

ஒன்பதாவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"பத்து" என்றேன். "என்னைவிட நெறைய மார்க்கு."