ஸ்டெல்லாவின் கொட்டாங்குச்சி பேட்டரி

ஸ்டெல்லா போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பி போன் செய்தான். நெஞ்சு வலிக்கிறது என்றாளாம்... ஆட்டோ சாந்தோம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று சாயங்காலம் லேப் கேட்டில் நின்று, "நாளைக்கு வஞ்சிரம் வறுத்து எடுத்தாறேன்டி, நீ சோறு மட்டும் எடுத்துகினு வா" என்றவள். போன் வந்தபோது நான் சோறு மட்டும்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அடையாறில் ஒரு சின்ன பேட்டரி லேப், நானும் அவளும் பக்கத்து பக்கத்து டேபிள். கொட்டாங்குச்சியைக் காற்றுப் படாமல் ஃபர்னஸில் சுட்டு, அந்தக் கரியை லித்தியம் பேட்டரிக்குள் கிராஃபைட்டுக்குப் பதிலாக வைப்பதுதான் அவள் வேலை.

கிராஃபைட்டைவிட இது நாள்பட உழைக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லேபில் பாதிப் பேர் நம்பவில்லை.

கொட்டாங்குச்சி வருவது மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸிலிருந்து. "இதுல பேட்டரியா? அப்ப என் சட்னிய தொட்டா ஷாக் அடிக்கணுமே" என்பார் மாஸ்டர்.

"உன் சட்னில காரமே இல்ல மாஸ்டர், ஷாக் எங்கேர்ந்து அடிக்கும்?" என்று சொல்லிவிட்டு மூட்டையை ஸ்கூட்டியில் ஏற்றுவாள்.

முதல் பேட்சை மறக்கவே முடியாது. கழுவிய ஓடுகளை ஸ்டெல்லா மேடம் நொச்சிக்குப்பத்தில் தன் வீட்டு வாசலில் காயவைத்திருக்கிறார்... நெத்திலி காய்ந்த அதே வலையின் மேல்! ஃபர்னஸ் சூடேற ஏற லேப் முழுக்கக் கருவாட்டு வாசனை.

மீன் உப்பு கரியில் ஏறி, அதில் செய்த பேட்டரி செல்லெல்லாம் வந்த வேகத்தில் செத்தன. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் பாத்ரூமில் போய் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "வாடி, வேற மூட்ட எடுத்தாறலாம்" என்றாள்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு செல் செத்தால், செய்தவர்தான் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

அவளுடைய கடைசி செல் சாகவே இல்லை. கூடவே ஓடவிட்ட கிராஃபைட் செல் போன மாதம் நின்றது, இது ஓடிக்கொண்டிருந்தது.

தினமும் பையைக்கூட இறக்காமல், அந்த செல்லுக்கு விடாமல் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்க்கும் டெஸ்டர் முன்னால் போய் நிற்பாள். "இன்னா நைனா, உசுரோட கீறியா?"

பச்சை விளக்கு எரியும். உடனே என் பக்கம் திரும்பி, "கீறான்டி!" என்பாள். அப்புறம்தான் டீ.

அவளைப் பார்த்துவிட்டு நேராக லேபுக்கு வந்தேன். வீட்டுக்குப் போக மனசு வரவில்லை... இப்போது அந்த டெஸ்டர் முன்னால் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன்.

பச்சை விளக்கு எரிகிறது.

இது நிற்கிற அன்றைக்கு யாருடி வந்து பிரிப்பா?

நாளைக்கு அடக்கம். அவளைத் தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வா ஸ்டெல்லா... கீறான்டி. உன் செல்லு இன்னும் கீறான்.