இருகூரில் ஒன்பது பக்கெட்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு ஆனைமலையில் டவுன் பஸ் ஏறினேன். பையில் இரண்டு சேலை, ஒரு துண்டு, ஒரு பொட்டலம் சோளம். போக வேண்டிய இடம் இருகூரில் உள்ள கண்டெய்னர் கிடங்கு. எழுபது கிலோமீட்டருக்குப் பக்கம். எங்கள் களத்துப் பெண்கள் பதினான்கு பேரில் ஒருவரும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. நாங்கள் காய வைக்கும் சரக்கு அங்கிருந்துதான் கப்பலுக்குப் போகிறது. பார்த்ததை எழுதிக் கொடு என்று கேட்டார்கள். நான் ஏழாவது வரை படித்தவள். வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

எங்கள் சரக்கு, தேங்காய் மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சுகிற தூள். முன்பெல்லாம் ரோட்டோரம் கொட்டிக் கொளுத்துவார்கள். இப்போது தண்ணீர் விட்டு உப்பை அலசி, சிமெண்டுக் களத்தில் காய வைத்து, சலித்து, மெஷினில் அழுத்தி ஐந்து கிலோ கட்டியாக்கி ஹாலந்துக்கு அனுப்புகிறோம். அங்கே கண்ணாடி வீட்டுக்குள் ஸ்ட்ராபெர்ரி வளர்க்கிறார்கள். மண் வேண்டாமாம், இந்தத் தூள் போதுமாம். அவர்கள் வைக்கும் செடி மட்டும்தான் அதில் வளர வேண்டும். வேறு எதுவும் முளைக்கக் கூடாது.

திங்கள் சாயங்காலம் முதலாளி சக்திவேல் களத்துக்கு வந்து எல்லாரையும் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். போன தடவை அனுப்பிய தூளில் யாரோ ஒருவர் தோட்டத்தில் புல் முளைத்துவிட்டதாம். ஹாலந்தில் வாங்குகிற அம்மா எழுதியிருக்கிறார். இன்னொரு தடவை பச்சை தெரிந்தால் எங்களிடம் வாங்க மாட்டார். எங்களுக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது. அவர் நிறுத்தினால் களத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

இந்தத் தடவைச் சரக்கு அன்று காலைதான் லாரியில் இருகூர் போயிருந்தது. அதில் ஒரு பங்கு மூன்றாம் களத்தில் காய்ந்தது. அந்தக் களத்தில் தூள் கொட்டுவதற்கு முதல் நாள், பக்கத்துத் தோட்டத்து லட்சுமியம்மா வந்து, திடீர் மழையில் அவர்கள் சோளம் நனைந்துவிட்டது, ஒரு மத்தியானம் மட்டும் இங்கே காய வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். களத்தைப் பார்த்துக்கொள்வது நான். சரி என்றேன்.

மற்றவர்கள் கலைந்த பிறகு சக்திவேலிடம் சொன்னேன்.

"என்னங்க்கா இப்படிச் செஞ்சுபோட்டீங்க? மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க?"

"கோடையில நம்ம தூள் அலசறதுக்கு அவங்க கெணத்துத் தண்ணிதானுங்க தம்பி. எப்படிங்க சொல்றது?"

"கூட்டுனீங்களா?"

"ரெண்டு தடவை கூட்டுனேனுங்க. ஆனா களத்துல நாலு எடத்துல வெடிப்பு இருக்குதுங்க, உள்ள சோளம் தங்கியிருந்தாத் தெரியாதுங்க."

கண்டெய்னர் வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு இருகூரை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பினால்தான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடிக்கும். அதுவரை சரக்கு கிடங்கில்தான் இருக்கும்.

"நீங்களே போங்க்கா" என்றார். "மெசின்காரன் வாரான், நான் நகர முடியாது. போய் நனைச்சுப் பாருங்க. மொளைக்குதா இல்லையான்னு வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லுங்க."

அப்படித்தான் கிளம்பினேன்.

பொள்ளாச்சி வரை பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து உக்கடம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். கிணத்துக்கடவு வரை இரண்டு பக்கமும் தென்னை. பிறகு தென்னை குறைந்து கம்பெனிகள் வந்தன. உக்கடத்தில் பாலத்துக்குக் கீழே இறங்கி சிங்காநல்லூர் பஸ், அங்கிருந்து இருகூர் பஸ். இரண்டும் டவுன் பஸ்தான். கிடங்கு வாசலில் நிற்கும்போது மணி பத்தே முக்கால்.

கேட்டில் பேர் எழுதி, போன் நம்பர் எழுதி, தலையில் மஞ்சள் தொப்பி ஒன்று போட்டு உள்ளே விட்டார்கள். கொண்டையோடு அந்தத் தொப்பி நிற்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே போனேன்.

உள்ளே கண்டெய்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு. சிவப்பு, நீலம், துருப்பிடித்த பச்சை. ஒரு வண்டி நீளக் கையை நீட்டி வீடு மாதிரி இருக்கிற பெட்டியை அப்படியே தூக்கி அக்கட்ட வைக்கிறது. சத்தம்தான் பெரிது. நான் நினைத்தது மாதிரி கடலோரம் இல்லை, கப்பல் இல்லை. சுற்றிலும் நம்ம ஊர்தான். பெரிய செட்டுக்குள் சரக்கு வரிசையாக நின்றது. மோட்டார் பம்பு, கென்யா என்று எழுதியிருந்தது. மாவரைக்கும் கிரைண்டர், மலேசியா. பவானி ஜமக்காளம் ஒரு மூட்டை. போகிற இடம் அதில் இங்கிலீஷில் இருந்தது, படிக்க வரவில்லை. கடைசி வரிசையில் எங்கள் தூள். இருபது பேலட், மரப்பலகை மேல் கட்டிகளை அடுக்கி வைத்தது. ஒரு பேலட்டுக்கு இருநூற்று இருபது கட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் தாள். நாங்கள் ஒட்டின ஸ்டிக்கரை அங்கே பார்த்தபோது கொஞ்சம் தெம்பாக இருந்தது. எந்தக் களம், எந்த நாள் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். மூன்றாம் களம் என்று நான்கு பேலட் இருந்தது.

கிடங்கு சூப்பர்வைசர் குமரேசன். ஐம்பது வயது இருக்கும், அன்னூர்க்காரர். விசயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்கம்மணி, சுத்துன தாளக் கிழிக்கோணுமா? சுத்தி ஒரு நாள்தானுங்களே ஆச்சு?"

"திருப்பிச் சுத்திக் குடுத்துர்றேனுங்க."

"அதுக்கு மெசின் இருக்குதுங்க. உங்களால ஆகாது." கத்தியை எடுத்து அவரே கிழித்தார்.

ஒவ்வொரு பேலட்டிலும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கட்டி உருவினோம். அரை கிலோ உடைத்து ஒரு பக்கெட்டில் போட்டு தண்ணீர் விட்டால் பாதி பக்கெட் தூளாகப் பொங்கிவிடும். நான்கு பேலட்டுக்கு எட்டு பக்கெட். பெயிண்ட் பக்கெட்டுகள், கழுவிக் கொடுத்தார்கள். ஒன்பதாவதாக ஒன்று கேட்டேன்.

"அது எதுக்குங்க?"

"அதுல முதல் களத்துத் தூளைப் போட்டு, கொண்டு வந்த சோளத்தை நானே விதைக்கறேனுங்க. இதுல மொளைச்சு, மத்த எட்டுல மொளைக்கலீன்னாத்தான் அந்த எட்டுல விதை இல்லேன்னு நம்ப முடியும். இதுலயே மொளைக்கலீன்னா, மூணு நாள் பத்தலேன்னு அர்த்தமுங்க."

குமரேசன் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒன்பதாவது பக்கெட்டைக் கொண்டுவந்தார்.

கிழக்குச் சுவரோரம் வெயில் விழும் இடத்தில் ஒன்பதையும் வரிசையாக வைத்தேன். லேபிள் ஒட்டும் பெண்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தார்கள். அதில் ராணி என்பவள் வாய்க்காரி.

"என்னங்க்கா, கோழி அடை காக்கற மாதிரி உக்காந்திருக்கீங்க. எத்தனை குஞ்சு பொரிக்கும்?"

"ஒண்ணும் பொரிக்கக் கூடாது கண்ணு. அதுக்குத்தான் காத்துட்டு இருக்கேன்."

"இதென்னங்க்கா கூத்து" என்று சிரித்தாள். பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டு, வந்து போகிறவர்கள் யாரும் பக்கெட்டில் வெற்றிலை துப்பாமல் அவளே பார்த்துக்கொண்டாள்.

தங்கியது நாத்தனார் ஸ்டெல்லா வீட்டில், சிங்காநல்லூர் குளத்துக்குப் பக்கம். அவள் மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறாள். கென்யா பம்பு பற்றிச் சொன்னேன். "நான் சுத்துனதாக்கூட இருக்கும் அண்ணி" என்றாள், குழம்பைக் கிண்டிக்கொண்டே. இருபது வருடமாகச் சுற்றுகிறாள். கிடங்குப் பக்கம் அவளும் போனதில்லை.

புதன்கிழமை ஒன்றும் இல்லை. தண்ணீர் தெளித்தேன், ஈரம் பார்த்தேன். கிடங்கு கேன்டீனில் தக்காளி சாதம் நாற்பது ரூபாய், காரம் குறைவு. மூன்று கண்டெய்னர் கதவு சாத்தி வெளியே போனது. போகும்போது ஒவ்வொரு கதவிலும் விரல் தடிமனில் ஒரு இரும்பு சீல் மாட்டுகிறார்கள். அதை மாட்டிவிட்டால் அந்த ஊரில் போய் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இங்கே யார் நினைத்தாலும் கதவு திறக்காது என்று குமரேசன் சொன்னார்.

வியாழன் காலையில் ஒன்பதாவது பக்கெட்டில் தூள் லேசாக வெடித்திருந்தது. சாயங்காலம் நான்கு மணிக்கு நான்கு முளை வெளியே வந்தது. மற்ற எட்டும் கருப்பாகவே இருந்தன. சக்திவேலுக்குப் போன் செய்தேன்.

"அப்ப நல்லதுதானுங்க்கா?"

"நாளைக்குக் காலைல சொல்றேனுங்க தம்பி."

"உங்க வாயில நல்லதுன்னு வராதுங்களே!"

வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்குக் கிடங்கு போய்விட்டேன். ராணி கூட்டம் இன்னும் வரவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு சுத்தம். ஏழாவதில் ஒரு பச்சை. விரல் நகம் அளவு. எட்டாவது சுத்தம்.

ஏழாவதுக்கு முன்னால் உட்கார்ந்தேன். அங்கே யாரும் இல்லை. இரண்டு விரலால் கிள்ளி எடுத்துச் சேலை முனையில் முடிந்துகொள்ளலாம். அது ஒரு நொடி வேலை. களத்துப் பெண்கள் பதினான்கு பேர் முகமும் ஞாபகம் வந்தது. கிள்ளினாலும் அவர்களுக்காகத்தான், கிள்ளாவிட்டாலும் அவர்களுக்காகத்தான் என்று தோன்றியது. எது என்று உட்கார்ந்து யோசித்தேன். இங்கே கிள்ளலாம். பேலட்டுக்குள் இருக்கிறதை ஹாலந்தில் போய் யார் கிள்ளுவது?

குமரேசன் வந்ததும் காட்டினேன். வேரோடு எடுத்துப் பார்த்தார். கீழே சோளத்தின் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

சக்திவேல் போனில் கேட்டதும், "அந்த ஒரு பேலட்ட மட்டும் எடுத்துப்போடலாமுங்களா?" என்றார்.

"நாலையும் எடுத்துரலாமுங்க தம்பி."

"மூணு சுத்தம்னுதானே சொன்னீங்க?"

"பக்கெட்டு சுத்தமுங்க. ஒரு பேலட்டுல இருநூத்தி இருபது கட்டி. நான் பாத்தது ரெண்டு."

"சரிங்க்கா. பக்கெட்டுகளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அந்தம்மாளுக்கு உள்ளதை எழுதிர்றேன். அவங்க வேண்டாம்னா வேண்டாம்."

ராணி போட்டோ எடுத்தாள். ஒன்பது பக்கெட்டும் தெரிகிற மாதிரி ஒன்று, முளையைக் கிட்டத்தில் ஒன்று. என்னையும் சேர்த்து எடுத்திருக்கிறாள், பிறகுதான் தெரிந்தது.

குமரேசன் தலையில் கை வைத்தார். "எண்ணிக்கை மாறுது, எடை மாறுது. பேப்பர் அத்தனையும் மறுக்காப் போடோணும். ரெண்டு மணி வண்டிக்கு இப்பச் சொல்றீங்க." சொல்லிக்கொண்டே ஓடினார். பதினாறு பேலட்டை ஏற்றினார்கள். காலியாக நின்ற இடத்தில் சரக்கு ஆடாமல் இருக்க, காற்றடைத்த பெரிய பைகளைச் சொருகினார்கள். கதவைச் சாத்தவில்லை. பதில் வர வேண்டும். அந்த ஊரில் அப்போதுதான் விடிகிறதாம்.

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டரை ஆனது. யாரும் சாப்பிடப் போகவில்லை.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சக்திவேல் குமரேசனுக்குப் போன் செய்தார். குமரேசன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை வைத்தார்.

"பதினாறு போதும், அனுப்புங்கன்னு எழுதியிருக்காங்க. சொன்னதுக்கு நன்றின்னு எழுதியிருக்காங்க. அடுத்த மாசம் இருபது வேணுமாம். இனி ஒவ்வொரு தடவையும் கண்டெய்னருக்கு முன்னால இந்த மாதிரிப் பக்கெட்டுப் போட்டோ அனுப்பச் சொல்றாங்க." நிறுத்திவிட்டு, "அக்கா இருக்காங்களா அங்க? அந்த பக்கெட்டுக்காரம்மா யாருன்னு கேட்டிருக்காங்க" என்றார்.

"இங்கதான் இருக்காங்க. அழுவறாங்க" என்றாள் ராணி.

நான் அழவில்லை. தூள் கண்ணில் பட்டது.

ஒன்றே முக்காலுக்குக் கதவு சாத்தினார்கள். குமரேசன் சீலை மாட்டி, இழுத்துப் பார்த்து, நம்பரைச் சத்தமாகப் படித்தார். இன்னொருவர் எழுதிக்கொண்டார். ரெண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி கேட்டைத் தாண்டியது. நாளைக் காலை தூத்துக்குடி. பிறகு ஒரு மாதம் தண்ணீர் மேல்.

ஒதுக்கின நான்கு பேலட்டும் மூன்று மணிக்கு லாரியில் ஏறியது. பஸ்ஸுக்குப் பதில் அதிலேயே நானும் ஏறிக்கொண்டேன். டிரைவர் கிணத்துக்கடவுக்காரர். ஈச்சனாரி தாண்டியதும் கேட்டார்.

"ஏனுங்கம்மணி, கிடங்குக்குப் போற சரக்கைத்தான் ஏத்தியிருக்கேன். திரும்பி வர்ற சரக்கை இப்பத்தான் பாக்கறேன். இதை என்ன பண்ணுவீங்க?"

நான்கு நாள் வெளியே இருந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். சீல் மாட்டுகிற வரைக்கும்தான் சரக்கு நம்முடையது. களத்தில் விட்டதை அதற்குப் பிறகு யாரும் பிடிக்க முடியாது. பிடிக்கிறவர்கள் நாமாகத்தான் இருக்க வேண்டும். பதினான்கு பேரும் ஆளுக்கு ஒரு பக்கெட் வைத்தால் போதும், இடம் இருக்கிறது, வெயில் இருக்கிறது. லட்சுமியம்மா வீட்டுச் சோளத்துக்கு களத்தை விட்டு அக்கட்ட ஒரு தார்ப்பாய் போட்டுக் கொடுத்துவிடலாம்.

டிரைவர் இன்னும் பதிலுக்காகப் பார்த்தார்.

"எல்லாத்தையும் உடைச்சு நனைச்சு வெக்கறதுங்க" என்றேன். "மொளைக்கறது எல்லாம் நம்மூருலயே மொளைச்சுப்போடட்டும். அப்பறம் அதைப் புடுங்கிப்போட்டு, தூளைக் காய வெச்சு அனுப்பிக்கலாம்."