பத்துக்கு எவ்வளவு வலி? திண்டிவனத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்

ஒன்பது மாதமாக எனக்கு இடுப்புக்கு மேலே, இடது பக்கம், ஒரே இடத்தில் வலி. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். படுத்திருப்பவர்களைத் திருப்பி, தூக்கி, உட்கார வைப்பதுதான் பாதி வேலை. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பில் குறை இல்லை, தசைதான் என்றார். மாத்திரை சாப்பிட்டேன், சொல்லிக்கொடுத்த பயிற்சியும் செய்தேன். வார்டில் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அம்மா இன்னும் எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக் காட்டில் களை எடுக்கிறார். ஃபேனுக்குக் கீழே வேலை பார்க்கும் நான் முதுகு வலிக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

வலியைவிட இன்னொன்று பயமாக இருந்தது. நோயாளி முனகினால் எரிச்சல் வர ஆரம்பித்திருந்தது. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுப்பதாக முடிவு. அதற்கு முந்தின நாள்தான் இந்தப் பயணம்.

திண்டிவனத்தில் மருத்துவமனை ஊழியர்களுக்காக ஆறு ஞாயிறு நடக்கும், மூச்சையும் உடம்பையும் கவனிக்கப் பழக்கும் மனக்கவனப் பயிற்சி. டியூட்டி ரூமில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தனியாகப் போகக் கூச்சம். எங்கள் வார்டு உதவியாளர் ஆரோக்கியமேரி அக்காவுக்கு முழங்கால் வலி என்பது மருத்துவமனைக்கே தெரியும். சர்ச்சில் ஆறு மணிப் பூசை முடித்துவிட்டு வருகிறேன் என்றார்.

காலை 8.10க்கு விழுப்புரம் புதிய பஸ் நிலையத்தில் ஏறினோம். தூரம் சுமார் 38 கிலோமீட்டர். நாங்கள் போனபோது டிக்கெட் 35 ரூபாய். காலியாக இருக்கிறதே என்று நான் பின்சீட்டுக்குப் போக, கண்டக்டர் தடுத்தார்.

"அங்க குந்தாதம்மா, தூக்கித் தூக்கிப் போடும். நடுவுல வா."

"இவங்க நர்ஸம்மா, அவங்களுக்கே சொல்லிக்குடுக்கறியே!" என்றார் அக்கா.

"நர்ஸுக்கு மட்டும் இடுப்பு இரும்பாலயா செஞ்சிருக்கு?"

அக்கா சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகு வலி உள்ளவர்கள் கவனிக்க: சக்கரத்துக்கு மேலே இருக்கும் சீட்டும் வேண்டாம். விக்கிரவாண்டி டோல்கேட் வரை அக்கா அவித்த மல்லாட்டை உரித்துக்கொண்டே பேசிவந்தார். கூட்டேரிப்பட்டில் மயிலம் போகிறவர்கள் இறங்கினார்கள். 9.05க்குத் திண்டிவனம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு 15 ரூபாய்.

பயிற்சி நடந்தது ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். மொத்தம் பதினோரு பேர். கட்டணம் ஐம்பது ரூபாய், டீயும் சுண்டலும் சேர்த்து. நடத்திய மேடம் முன்பு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவர். பாயில் படுக்கச் சொல்லி, "மூச்ச மாத்தவேணாம். அது போறத வர்றத சும்மா பாத்துக்கினு இருங்க" என்றார். ஐந்து நிமிடம் கழித்து, என்ன கவனித்தீர்கள் என்று கேட்டார்.

"பதினெட்டு மேடம்" என்றார் ஒருவர்.

"எனக்கு இருபது."

"இருபத்திரண்டு" என்றேன் நான். கையை வயிற்றில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணியிருந்தேன். கிட்டத்தட்ட எல்லாரும் அதைத்தான் செய்திருந்தோம். மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "உங்கள யாருப்பா சார்ட் எழுதச் சொன்னது?" மாடியே சிரித்தது. எனக்கு வாய்விட்டுச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் வலியைக் கேட்க வேண்டும். நோயாளிகளிடம் தினமும் கேட்கும் அதே கேள்வி.

"சொல்லு சிஸ்டர், பத்துக்கு எவ்ளோ?" என்றார் அக்கா.

"மூணுக்கா. உங்களுக்கு?"

"பத்துக்குப் பதினொண்ணு! பேஜாரு புடிச்ச காலு."

கேட்டுக்கொண்டிருந்த மேடம் எங்களிடம் வந்தார். "ஒருத்தர் கூட்டறீங்க, ஒருத்தர் கொறைக்கறீங்க. ரெண்டு பேரும் வலிக்கிற எடத்துல கைய வெச்சி, மூணு மூச்சு அங்கயே இருங்க. வெரட்டவேணாம், சமாதானமும் சொல்லவேணாம். அப்பறம் சொல்லுங்க."

படுத்தபடியே கையை வைத்தேன். ஒன்பது மாதமாக அந்த இடத்தை நான் தாண்டித் தாண்டித்தான் போயிருக்கிறேன். முதல் மூச்சில் இழுத்துப் பிடித்தது. இரண்டாவதில் அது அசைவது தெரிந்தது, ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது. மூன்றாவதில் கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"ஏழு" என்றேன்.

அக்கா முழங்காலிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாக, "எனுக்கு ஆறுதான்" என்றார். "ஏன் சிஸ்டர், ஏழ வெச்சிக்கினா தெனமும் பேஷண்ட்டத் தூக்கினு இருந்த? ஒரு கொரலு குடுத்தா நான் வரமாட்டனா?"

"உங்களுக்குக் கால் வலிக்குமேன்னு..."

"அத நான் சொல்றேன். நீ கூப்புடு."

1.20க்குத் திரும்பும் பஸ். இருவரும் நடு சீட்டில் உட்கார்ந்தோம்.

திங்கட்கிழமை வார்டு பொறுப்பு சிஸ்டரின் மேஜை முன்னால் நின்றேன். கை பைக்குள் கடிதத்தைத் தொட்டது. அதை எடுக்காமல், "மேடம், எனக்கு முதுகு வலி. ஒன்பது மாசமா. பத்துக்கு ஏழு" என்றேன். அவர் பேனாவை மூடினார். "இத்தன நாள் ஏம்மா சொல்லல? மொதல்ல உக்காரு." மூன்று வாரத்துக்குப் படுக்கை நோயாளிகளைத் தூக்காத டியூட்டி போட்டார். அதன் பிறகும் இரண்டு பேர் இல்லாமல் யாரையும் தூக்கக்கூடாது என்று வார்டு பலகையில் எழுதிவைத்தார். அன்று மாலை வீட்டில் அம்மாவிடமும் சொன்னேன். அவர் தைல பாட்டிலைத் தேடி எடுத்து வந்து, முதலில் எனக்குத் தேய்த்தார். பிறகு தன் முதுகைக் காட்டினார்.

வலி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. சில நாள் ஐந்து, சில நாள் இன்னும் ஏழு. ஆனால் முனகுகிறவர் பக்கத்தில் மூன்று மூச்சு நேரம் நிற்க முடிகிறது. இது வைத்தியத்துக்கு மாற்று இல்லை. முதலில் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். காலை ஒன்பதேகாலுக்குள் போனால் சுவரோரம் இடம் கிடைக்கும். கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாய் அங்கேயே தருவார்கள், துண்டு மட்டும் போதும்.

பையில் வேண்டாத கனமும் வேண்டாம். இரண்டாம் வாரம் நான் துண்டு, தண்ணீர், அக்காவுக்குப் பிடித்த முறுக்கு இவற்றோடு போனேன். கடிதம் வீட்டில், துணி அலமாரியில் இருக்கிறது. இன்னும் தேதி போடவில்லை.