கள்ளிக்குப்பம் தண்ணீர் லாரியின் பட்டைகள்

பினாங்கில் என்னோடு வேலை பார்த்த பூந்தமல்லிக்காரர் ஒருவர், தம் மைத்துனர் சொன்னதாக ஒரு செய்தியைச் சொன்னார். கள்ளிக்குப்பத்துக் கொல்லர் வேம்புலி ராணுவக் கிடங்கிலிருந்து பீரங்கி இரும்பைக் கடத்தி வந்து தண்ணீர் லாரிக்கு அடியில் மாட்டிவிட்டாராம், போலீஸ் தேடுகிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் கள்ளிக்குப்பம். கொல்லர் பிடிபட்டால் லாரி நிற்கும், லாரி நின்றால் அக்கா வீட்டுக் குடம் காயும் என்றே மனம் ஓடியது. தொலைவில் இருப்பவனுக்கு ஊர்ச்செய்தி பாதி பொய் என்று தெரிந்தாலும் மீதிப் பாதியை நினைத்துத் தூக்கம் போய்விடும்.

ஊருக்கு வந்ததும் அந்த லாரியை ஓட்டிய சத்தியராஜைத் தேடிப் பிடித்தேன். கடத்தலும் இல்லை, போலீஸும் இல்லை என்றார். அவர் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

1946 கோடையில் கள்ளிக்குப்பத்துக் கிணறுகளில் சேறுதான் வந்தது. மாடுகளுக்கே தண்ணீர் இல்லாதபோது மாட்டு வண்டியில் தண்ணீர் இழுக்க வழியில்லை. அம்பத்தூரில் குத்தகை வேலைகள் எடுத்து வந்த திருவேங்கடத்தின் தோட்டத்துக் கிணறு மட்டும் வற்றவில்லை. ராணுவம் ஏலம் விட்ட பழைய லாரியொன்றும் அவரிடம் இருந்தது. அதன் முதுகில் இரும்புத் தொட்டியை ஏற்றி ஊருக்குத் தண்ணீர் அனுப்ப ஒப்புக்கொண்டார். ஆனால் போகும் வழி சாலையல்ல. வெடித்துக் கிடந்த ஏரி, அதற்கப்பால் வரப்பும் பள்ளமும். நிறைந்த தொட்டியின் பாரத்தில் லாரியின் பின்புறம் உட்கார்ந்துவிட்டது. அச்சின்மேல் அடுக்கிக் கட்டிய வளைந்த இரும்பு வில்பட்டைகள்தான் பாரத்தைத் தாங்க வேண்டும். அவை நிமிர்ந்து தட்டையாகிக் கிடந்தன.

"பட்டையச் சரி பண்ணா ஊருக்கு ஓடட்டும். இல்லாங்காட்டி செங்கச் சூளைக்கு உட்ருவேன். அங்க நல்ல ரோடு கீது," என்றார் திருவேங்கடம். சூளைக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை போன் போட்டிருந்தார்.

வேம்புலி வண்டிச் சக்கரங்களுக்கு இரும்பு வளையம் போடுவதில் கைதேர்ந்தவர். வளையத்தைப் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் மாட்டி மேலே தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். இரும்பு என்றால் இதுதான் என்பது அவர் கைப்பழக்கம். லாரிப் பட்டைகளையும் அப்படியே காய்ச்சினார், வளைத்தார், பானைத் தண்ணீரில் முக்கினார். பார்க்க வில் போல நின்றன.

ஏரியின் நடுவில், முதல் பள்ளத்திலேயே, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று முறிந்தன. லாரி சாய்ந்தது, தொட்டியின் மூடி திறந்துகொண்டு அவ்வளவு தண்ணீரும் வெடிப்புகளுக்குள் இறங்கியது. கரையில் குடத்தோடு நின்ற பெண்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் வேம்புலியின் மனைவி கன்னியம்மாளும் இருந்தார்.

"மழையே ஊத்தாத ஏரிக்கு நீ ஊத்திட்டயா? நல்ல மன்சன்யா," என்றார் அவர்.

வேம்புலி லாரியைக் குறை சொல்லவில்லை, பள்ளத்தையும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "என் தப்பு. நான்தான் கோட்ட உட்டேன்," என்றார். முறிந்த பட்டைகளைத் தோள் துண்டில் பொறுக்கிக்கொண்டு உலைக்குப் போனார். முறிந்த இடத்தைச் சத்தியராஜுக்குக் காட்டினார். கற்கண்டு உடைந்தது போல மணிமணியாக இருந்தது.

"கண்ணாடியாப் போச்சுடா. தண்ணில போட்டதுதான் கேடு. நீ பட்டாளத்து லாரி ஓட்டனவன். அங்க எப்டி வளைப்பானுங்கோ?"

"நெருப்புகிட்டயே கொண்டு போக மாட்டாங்கோ அண்ணாத்தே. பச்சையாவே சுத்தியால அடிப்பாங்கோ."

"அடப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கவே இல்லியே. நெருப்ப மூட்டிக்கினு ராசா மாரி நின்னே."

வேம்புலி சிரித்துவிட்டார். அதன்பின் கூச்சப்படாமல் சத்தியராஜையே கேட்டுக் கேட்டுச் செய்தார். இப்படிக் கேட்பது எளிதல்ல. ஊர் முழுக்கத் தம்மைக் கொல்லர் என்று அழைக்கும்போது, ஓட்டுநரிடம் போய் இரும்பைப் பற்றிக் கேட்க ஒரு மனசு வேண்டும். அந்த மனசுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டாபிராம் ராணுவக் கிடங்கில் வெளிப்படையாக ஏலம் போன உடைசல் லாரிகளிலிருந்து பட்டைகளைத் திருவேங்கடமே எடுத்துக் கொடுத்தார். பீரங்கிக் கதைக்கு வேர் அதுதான். வேம்புலி உலையை மூட்டவில்லை. பட்டையைப் பட்டறைக்கல்லில் கிடத்தி, நுனியிலிருந்து நுனிக்கு, விரல் விரலாக நகர்த்தி அடித்தார். குட்டையான பட்டைக்குக் கொஞ்சம் கூடுதல் வளைவு, பட்டைகளுக்கு இடையில் கிரீஸ். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியபோது ஒரு சிக்கல். ஏரிக்குப் போகுமுன் ஓட்டிப் பார்த்ததில் பாரத்தைத் தாங்கியது, ஆனால் காலியாக ஓட்டினால் லாரி ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது.

"வெறும் வண்டில குந்திக்கினு வந்தா குடல் வாய்க்கு வருது," என்றார் சத்தியராஜ்.

வேம்புலி இரண்டு தடித்த பட்டைகளைக் கழற்றி, கட்டுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுத் தனியாக மாட்டினார். தொட்டி காலியாக இருந்தால் அவை சும்மா நிற்கும்; நிறைந்து லாரி இறங்கினால் மட்டும் முட்டுக்கொடுக்கும்.

மறுநாள் தொட்டி நிரம்பியது. வேம்புலி ஓட்டுநர் பக்கத்தில் உட்காரவில்லை. பின்புறம் தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே குப்புறப் படுத்து, தலையை வெளியே தொங்கவிட்டுப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு போனார். பழைய பள்ளம் வந்தது.

"மெதுவா உடு, மெதுவா உடு... தொட்டுச்சு. தாங்குது. போ."

கரையில் குடங்கள் நிறையத் தொடங்கின. கன்னியம்மாள் முதல் குடத்தை நிரப்பிக் கணவன் தலையிலேயே கொஞ்சம் கவிழ்த்தார். மூக்கில் அப்பியிருந்த புழுதி வழிந்தது. "இன்னிக்கு ஏரிக்கு இல்ல, உனக்கு," என்றார்.

லாரி காலியாகத் துள்ளாமல் அம்பத்தூர் திரும்பியபோது திருவேங்கடம் வாசலில் நின்றிருந்தார். குனிந்து பட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கையால் தடவினார். உள்ளே போன் அடித்தது.

"சூளைக்காரரு போலக்கீது மொதலாளி," என்றார் சத்தியராஜ்.

திருவேங்கடம் தலையாட்டினார். கிணற்று எஞ்சினைப் போடச் சொல்லிவிட்டு, குழாயைத் தாமே இழுத்து வந்து தொட்டிக்குள் விட்டார். லாரியிலேயே கூட வந்திருந்த வேம்புலி ஈரத் தலையோடு மறுபடியும் பின்னால் ஏறிக் குப்புறப் படுத்தார். தண்ணீர் ஏற ஏற லாரி மெல்ல இறங்கி, மேல் பட்டைகளைத் தொட்டு நின்றது. உள்ளே போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.