நோட்டு சேர்ப்பவருக்கு என்ன பெயர்?

வரிச்சிக்குடி குஞ்சிதபாதம் இருபத்தெட்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். காரைக்காலில் கிளம்பி, திருநள்ளாறு வழியாகச் சுரக்குடி போய்த் திரும்புகிற வண்டி. தோளில் தொங்கும் பையிலிருக்கும் பணம் முதலாளியுடையது என்பதில் அவருக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஆனால் சில நோட்டுகள் அவரைச் சும்மா விடாது. ரிசர்வ் பாங்கி கவர்னர் கையெழுத்து மாறியிருக்கும். எண்ணுக்குப் பின்னால் புதிதாக ஓர் எழுத்து முளைத்திருக்கும். ஓரத்தில் மை இழுபட்டிருக்கும். அப்படி ஒன்று கைக்கு வந்தால், சொந்தக் காசிலிருந்து அதே மதிப்புக்கு வேறு நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, இதை மடிக்காமல் எடுத்துவைப்பார். வீட்டில் அதற்கென்று ஓர் ஆல்பம் இருந்தது.

இந்தப் பழக்கத்தில் அவருக்குத் துணை பீர் மைதீன். துபாயில் கடை வேலை பார்த்துவிட்டு வந்து, காரைக்காலில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். துபாயில் இருந்த காலத்தில் லீவுக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு நாட்டு நோட்டைக் கண்டக்டருக்கென்று கொண்டுவருவார்.

2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று ஆனபோது, மனைவி அன்னபூரணி அரிசி டிரம்முக்குள் கை விட்டு, யாருக்கும் தெரியாமல் சேர்த்துவைத்திருந்த கட்டை எடுத்து அவரிடம் கொடுத்தார். கொல்லையில் தண்ணீருக்குப் போர் போட்டிருந்தார்கள், மோட்டார்தான் பாக்கி. அதற்கான பணம் அது. குஞ்சிதபாதம் பாங்கி வரிசையில் நின்றபடியே கட்டைப் புரட்டினார். எப்போதோ கை நழுவிப்போன கையெழுத்துகள் அதில் இருந்தன. ஆறு ஆயிரங்களை உருவிக்கொண்டார். தன் ஆல்பத்தில் இருந்த பதினோரு ஐந்நூறுகளையும் கட்டவில்லை. ஆகப் பதினேழு நோட்டு, பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய். பாஸ்புக்கைப் பார்த்த அன்னபூரணி நான்கு நாள் அவரோடு பேசவில்லை. மோட்டார் வர இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு, காரைக்காலில் ஒரு வாசகர் மன்றம் பொழுதுபோக்குக் கண்காட்சி நடத்துவதாகச் சொல்லி பீர் மைதீன் ஒரு படிவம் கொண்டுவந்தார். குஞ்சிதபாதம் ‘பழைய நோட்டு சேகரிப்பு’ என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து, மன்றத்தைச் சேர்ந்த வக்கீல் உமாமகேஸ்வரி போன் செய்தார்.

“ரொம்ப நல்ல காரியம் பண்றீங்க. பிள்ளைங்ககிட்ட நேரா வாங்குறீங்களா, பள்ளிக்கூடம் மூலமாவா?”

தான் பஸ்ஸில் ஏறியவர்களிடம் வாங்கியதாக அவர் சொன்னார். எழுதி முடித்ததைத்தானே தருகிறார்கள் என்று அந்த அம்மா கேட்டார். சில பேர் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், எழுதாததுதான் தனக்கு வேண்டும் என்றார் இவர். பேசிக்கொண்டிருப்பது பள்ளிக்கூட நோட்டைப் பற்றி என்று இருவருக்கும் விளங்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. சரியான பெயராக ஒன்று எழுதி அனுப்பச் சொன்னார் வக்கீல்.

அவர் யோசித்தார். நாணயச் சேகரிப்பு என்றால், அவரிடம் ஒரு காசு கூடக் கிடையாது. பணம் சேகரிப்பு என்றால் கோயிலுக்கு வசூல் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. ரூபாய் சேர்ப்பது என்றால், ஊரில் எவன் சேர்க்கவில்லை? கடைசியில் பீர் மைதீன் போனில் தேடி, “இங்கிலீஷ்ல நோட்டாஃபிலியாம் கண்டக்டரே, அதையே போட்டுடுங்க” என்றார். வாய்க்குள் அடங்கும்வரை பத்துத் தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, அதையே போர்டில் எழுதிக் கொண்டுபோனார். முதல் நாள் வந்த ஒருவர் அதைப் படித்துவிட்டு, மூட்டு வலிக்கு மருந்து உண்டா என்று கேட்டார்.

மத்தியானம் சுப்பையன் என்ற ஓய்வு பெற்ற பாங்கி அதிகாரி வந்தார். செல்லாத நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு மெதுவான குரலில், இதற்கென்று 2017இல் சட்டம் வந்துவிட்டது, ஒருவர் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அபராதம் உண்டு என்றார். படிப்பு, ஆராய்ச்சி, நாணயவியல் என்றால் மட்டும் இருபத்தைந்து வரை விடுவார்களாம்.

“நீங்க போர்டுல வேற ஏதோ எழுதியிருக்கீங்களே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

குஞ்சிதபாதம் போர்டை இன்னொரு தரம் படித்தார். தப்பான பெயர் என்று மாற்றியாயிற்று. மாற்றிய பெயர் சட்டத்தில் இல்லை. அப்படியானால் தான் யார்? உமாமகேஸ்வரியைத் தேடிப் போனார். அவர் சட்டத்தைப் போனில் எடுத்துப் படித்தார். நாணயவியல் என்றால் நோட்டும் அதில் அடக்கம், எனக்குத் தெரிந்து பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

“எனக்குத் தெரிஞ்சுன்னு சொல்றீங்களே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“இதுல ஒரு கேஸும் நான் பார்த்ததில்லீங்க. அதான்.”

அந்தப் பதில் அவர் குழப்பத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. போர்டைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நடந்ததை அன்னபூரணியிடம் சொல்லி, ஏழு நோட்டை எரித்துவிட்டால் கணக்கு பத்துக்கு வந்துவிடும் என்றார். எந்த ஏழு என்று அவர் கேட்டார். பதினேழையும் பாயில் பரப்பினார் குஞ்சிதபாதம். அன்னபூரணி அந்த நோட்டுகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றுதான். இது இன்னார் கையெழுத்து, இது எழுத்து இல்லாமல் வந்த வரிசை என்று அவர் சொல்லச் சொல்ல, அன்னபூரணி கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இதுல என் டிரம்ல இருந்தது எது?”

ஆறு ஆயிரங்களைக் காட்டினார்.

“மோட்டார் வாங்காம வச்ச காசு. இத எரிக்கிறதுக்கு நீங்க யாரு?”

மறுநாள் யாரும் கூப்பிடாமலேயே அன்னபூரணி கண்காட்சிக்கு வந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். போர்டில் சேகரிப்புக்குப் பெயர் எதுவும் வேண்டாம், குஞ்சிதபாதம் வரிச்சிக்குடி என்று மட்டும் போதும் என்றுவிட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் அவரே பதில் சொன்னார். ஊரெல்லாம் வரிசையில் நின்று மாற்றியதை இவர் மாற்றாமல் திரும்பி வந்தார், நான் இரண்டு வருஷம் அடிபம்பில் அடித்தேன் என்று கை அசைவோடு சொன்னார். பெண்கள் கூட்டம் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. சுப்பையனும் வந்து முழுக்க நின்று கேட்டார், எண்ணவில்லை. ஓரமாக நின்றிருந்த குஞ்சிதபாதத்துக்கு, அவள் தன்னைத் திட்டுகிறாளா, பெருமையாகச் சொல்கிறாளா என்பது கடைசிவரை பிடிபடவில்லை. கேட்கவும் பயம்.

பதினேழும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன. ஆல்பம் இப்போது அன்னபூரணியின் பீரோவில். பார்க்க வேண்டுமென்றால் அவரிடம் சாவி கேட்க வேண்டும். கொடுக்கும்போது, பார்த்துவிட்டுத் தான் அடுக்கிய வரிசை மாற்றாமல் வைக்கச் சொல்கிறார். அது என்ன வரிசை என்று குஞ்சிதபாதத்துக்குப் புரியவில்லை. வருஷப்படியும் இல்லை, கையெழுத்துப்படியும் இல்லை.